"எனக்கு வராது" என்று ஒதுங்கும் மகள்: கைபேசியைப் பறித்தால் சரியாகுமா?

கேள்வி: என் மகளுக்கு வயது 12. சிறு வயதிலிருந்தே நன்றாக வரைவாள். மூன்று மாதங்களுக்கு முன், தான் வரைந்த குதிரைப் படம் ஒன்றை என் கைபேசியிலிருந்து வகுப்புத் தோழர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். உடன் படிக்கும் மாணவன் ஒருவன் அந்தக் குதிரையின் கோணலான பின்னங்கால்களை மட்டும் வெட்டியெடுத்து ஸ்டிக்கராக்கிவிட்டான். குழுவில் யார் எந்தத் தவறு செய்தாலும் அதைப் போட்டுச் சிரிப்பது வழக்கமாகிவிட்டது. மகளே என்னிடம் வந்து காட்டி அழுதாள். அன்றிரவே அந்த மாணவனின் தாயாரை அழைத்துப் பேசினேன், ஸ்டிக்கர் நின்றுவிட்டது. ஆனால் மகள் அதன்பின் பென்சிலைத் தொடவில்லை. கைபேசியில் இருந்த பழைய ஓவியப் படங்களையெல்லாம் அழித்துவிட்டாள். வகுப்பில் கை தூக்குவதில்லை என்று ஆசிரியை சொல்கிறார். கணக்கு போட உட்கார்ந்தால் ஒரே நிமிடத்தில் "எனக்கு வராது" என்று விடை வீடியோவைத் தேடுகிறாள். "நீதான் பெஸ்ட், உன்னைப் போல் வரைய யாராலும் முடியாது" என்று தினமும் சொல்கிறேன், எரிச்சல்தான் படுகிறாள். கைபேசியைத் தராமல் பறித்து வைத்தால் எல்லாம் சரியாகும் என்கிறார் என் கணவர். 13 வயது நிறைந்ததும் சொந்தக் கைபேசி வாங்கித் தருவதாக வேறு அவளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறோம். என்ன செய்வது?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தில் நீங்கள் ஒரே வரியில் கடந்துபோன செய்தியிலிருந்து தொடங்குகிறேன். அந்த ஸ்டிக்கரை உங்கள் மகள் தானாகக் கொண்டுவந்து உங்களிடம் காட்டியிருக்கிறாள். இணையத்தில் அவமானப்பட்ட பிள்ளைகளில் பலர் வீட்டில் வாய் திறப்பதில்லை. திறந்தால் முதலில் பறிபோவது கைபேசிதான் என்பது அவர்களுக்குத் தெரியும், "உன்னை யார் அங்கே போடச் சொன்னது?" என்ற கேள்வி வரும் என்பதும் தெரியும். உங்கள் மகளோ, அடிபட்டவுடன் ஓடிவர ஓர் இடம் இருக்கிறது என்று நம்பியிருக்கிறாள். ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயில் 1955-இல் பிறந்த 698 குழந்தைகளை எமி வெர்னர் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்து ஆராய்ந்தார்கள். வறுமை, குடும்பச் சண்டை, பெற்றோரின் மனநோய் எனப் பல சுமைகளோடு வளர்ந்த பிள்ளைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர், தன்னம்பிக்கையும் பொறுப்பும் உள்ள பெரியவர்களாக உருவானார்கள். அவர்களிடம் பொதுவாகக் காணப்பட்டவற்றுள் முக்கியமானது, தங்களை அப்படியே ஏற்றுக்கொண்ட பெரியவர் ஒருவராவது அவர்களுடைய வாழ்க்கையில் இருந்தார் என்பது. உங்கள் மகளுக்கு அப்படி ஒருவர் இருக்கிறார் என்பதற்கு அந்த மாலையே சான்று.

ஆகவே உங்கள் கணவரின் யோசனைக்கு முதல் பதில்: நடந்த இந்த நிகழ்ச்சிக்காகக் கைபேசியைப் பறிக்க வேண்டாம். கைபேசிக்கு வரம்பு வைப்பது வேறு விஷயம். அதில் அவர் பக்கம் நியாயம் உண்டு, பின்னால் சொல்கிறேன். ஆனால் காயத்தைச் சொல்ல வந்த பிள்ளையிடமிருந்து ஒன்றைப் பறித்தால், அவள் அதைத் தண்டனையாகத்தான் எடுத்துக்கொள்வாள். அடுத்த முறை இதைவிடப் பெரியது ஏதேனும் நடந்தால், அது உங்கள் காதுக்கு வராமலே போய்விடும்.

இனி, தினமும் பாராட்டியும் ஏன் பலனில்லை என்பதற்கு வருகிறேன். 'என்னால் முடியும்' என்ற உணர்வு ஒருவருக்கு எங்கிருந்து வருகிறது என்பதை, உளவியலாளர் ஆல்பர்ட் பாண்டுரா 1977-இல் வெளியிட்ட கட்டுரையில் நான்கு ஊற்றுகளாகப் பிரித்துக் காட்டினார். தானே செய்து முடித்த அனுபவம், தன்னைப் போன்ற இன்னொருவர் செய்து முடிப்பதைப் பார்ப்பது, பிறர் சொல்லும் ஊக்கமொழி, அந்த நேரத்தில் உடலும் மனமும் இருக்கும் நிலை ஆகியவை அவை. இவற்றுள் வலிமை மிக்கது முதலாவது. ஊக்கமொழியால் மட்டும் எழும் நம்பிக்கை, எதிரான அனுபவம் ஒன்று வந்தவுடன் கலைந்துவிடக் கூடியது. உங்கள் மகளுக்கு அந்த எதிர் அனுபவம் வகுப்பு முழுவதன் முன்னிலையிலேயே கிடைத்திருக்கிறது. அதை எதிர்த்து உங்கள் சொல் மட்டும் தனியாக நிற்கிறது.

அந்தச் சொல்லிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. கால்கள் கோணலாக இருந்தன என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவளுக்கும் அது தெரியும். தெரிந்த பிறகும் அம்மா "உன்னைப் போல் வரைய யாராலும் முடியாது" என்றால், உண்மையைச் சொன்னால் நான் தாங்கமாட்டேன் என்று அம்மா நினைக்கிறாள் போலும் என்றுதான் அந்த வயதுப் பிள்ளை புரிந்துகொள்ளும். எரிச்சலுக்குக் காரணம் அதுவாக இருக்கலாம். குதிரையின் பின்னங்கால் உண்மையிலேயே கடினமான இடம். முழங்கால் பின்பக்கமாக மடிவதுபோல் நம் கண்ணுக்குத் தெரிகிற அந்த மூட்டு, நம் உடலோடு ஒப்பிட்டால் கணுக்கால். உண்மையான முழங்கால் அதற்கு வெகு மேலே, வயிற்றை ஒட்டினாற்போல் இருக்கிறது. இதை அறியாமல் வரைகிற எவருக்கும் கால் கோணலாகத்தான் வரும். அவள் தடுக்கி விழுந்தது ஒரு மூட்டைப் பற்றிய தகவலில். அரை மணி நேரத்தில் கற்றுக்கொள்ளக் கூடிய தகவல் அது. "ஆமாம், கால் சரியாக வரவில்லை, ஏன் வரவில்லை என்று பார்ப்போமா?" என்ற பேச்சு, நூறு 'பெஸ்ட்'டுகளைவிட அவளுக்கு மரியாதையானது.

பாராட்டைப் பற்றி இன்னும் ஒரு செய்தி. கிளாடியா மியூல்லர், கேரல் டுவெக் ஆகியோர் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் சில புதிர்களைத் தீர்த்த பிறகு ஒரு சாராரிடம் 'நீ புத்திசாலி' என்றும், இன்னொரு சாராரிடம் 'நன்றாக உழைத்திருக்கிறாய்' என்றும் சொல்லப்பட்டது. அடுத்து வந்த கடினமான புதிர்களில் தோற்றபோது, புத்திசாலி என்று பெயர் வாங்கியவர்களே அதிகம் சோர்ந்தார்கள்; தங்கள் மதிப்பெண்ணைப் பிறருக்குக் கூட்டிச் சொன்னவர்களும் அவர்களிடையேதான் அதிகம். இந்த ஆய்வு மிகவும் பிரபலமாகி, 'முயற்சியைப் பாராட்டினால் போதும்' என்பது பெற்றோரிடையே ஒரு மந்திரம் போலவே பரவிவிட்டது. அந்தக் கருத்தையொட்டி எழுந்த பள்ளிப் பயிற்சிகளைப் பின்னர் தொகுத்து ஆராய்ந்தபோது பலன் சிறியதாகவே இருந்தது. 'நன்றாக முயன்றாய்' என்பதும் பழகிவிட்டால் வெற்றுச் சொல்தான். அருகில் சென்று பார்த்துவிட்டுப் பேசுங்கள்: "முதலில் போட்ட கோட்டை அழித்துவிட்டுக் கழுத்தைக் கொஞ்சம் நீட்டியிருக்கிறாய், இப்போது ஓடுவதுபோல் இருக்கிறது." இதைச் சொல்ல நீங்கள் உண்மையிலேயே பார்த்திருக்க வேண்டும், பார்த்தீர்கள் என்பது அவளுக்கும் தெரியும்.

இப்போது அவள் நடந்துகொள்ளும் விதத்தைக் கவனியுங்கள். படங்களை அழித்தாள், அழித்த கணத்தில் மனம் லேசானது. கை தூக்காமல் இருந்தாள்; தவறான விடை சொல்லிவிடும் அபாயம் அன்றைக்கு நீங்கியது. கணக்கில் திணறல் தொடங்கியதும் வீடியோவைத் திறந்தாள், திணறல் நின்றது. ஒவ்வொரு முறையும் கிடைக்கிற இந்தச் சிறு நிம்மதிதான் ஒதுங்கலை வளர்க்கிறது. அஞ்சிய காரியத்திலிருந்து விலகியதும் கிடைக்கும் ஆறுதல், அடுத்த முறை இன்னும் சீக்கிரம் விலகச் சொல்லும். மூன்றே மாதங்களில் ஓவியத்திலிருந்து வகுப்பறைக்கும் கணக்குக்கும் அது பரவியிருப்பது இப்படித்தான்.

சொல்லத் தயக்கமாக இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும்: அன்றிரவு நீங்கள் அந்தத் தாயாரை அழைத்ததும் இந்தச் சுழலில் ஒரு கண்ணி. அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. அழுகிற பிள்ளையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது எளிதல்ல; ஸ்டிக்கரும் நின்றது. ஆனால் அவளைப் பொறுத்தவரை பிரச்சினையைத் தீர்த்தவர் அம்மா. அதில் தன் பங்கு அழுதது மட்டும். யேல் பல்கலைக்கழகத்தின் குழந்தைகள் ஆய்வு மையத்தில் எலி லெபோவிட்ஸ் உருவாக்கிய சிகிச்சை முறை ஒன்றில், பதற்றக் கோளாறு உள்ள குழந்தைகளின் பெற்றோரை மட்டுமே சந்திக்கிறார்கள். குழந்தை வரவே வேண்டியதில்லை. பிள்ளையின் பயத்துக்கு ஏற்பப் பெற்றோர் செய்துகொடுக்கும் சலுகைகளைப் படிப்படியாகக் குறைப்பதும், "உனக்குக் கஷ்டமாக இருக்கிறது என்று புரிகிறது, உன்னால் அதைத் தாங்க முடியும் என்றும் எனக்குத் தெரியும்" என்ற இரண்டையும் சேர்த்தே சொல்வதும் அதன் சாரம். 2020-இல் வெளியான ஒப்பீட்டு ஆய்வில், எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றிக்கொள்ளக் குழந்தைக்கே நேரடியாகப் பயிற்சி தரும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைக்கு இம்முறை எவ்வகையிலும் குறைந்ததாக இல்லை என்று தெரியவந்தது. நாம் பெரும்பாலும் அந்த வாக்கியத்தின் ஒரு பாதியை மட்டும் சொல்கிறோம். தாய் முதல் பாதியையும் தந்தை இரண்டாம் பாதியையும் சொல்லி, நடுவில் பிள்ளை நிற்பதும் உண்டு.

இதில் கைபேசியின் பங்கு, உங்கள் கணவர் நினைக்கிற இடத்தில் இல்லை என்பது என் கருத்து. ஒருவர் தம் திறமையை அளக்க வேறு அளவுகோல் கிடைக்காதபோது பிறரோடு ஒப்பிட்டுப் பார்ப்பார் என்றும், அதற்குப் பெரும்பாலும் தம் நிலைக்கு அருகில் உள்ளவர்களையே தேர்ந்தெடுப்பார் என்றும் லியோன் ஃபெஸ்டிங்கர் 1954-இல் எழுதினார். இன்று ஒரு 12 வயதுப் பெண் குதிரை வரைவது எப்படி என்று தேடினால், ஆண்டுக்கணக்கான பயிற்சி உள்ள ஓவியர் வரைந்த குதிரை, வேகமாக ஓட்டப்பட்டு, ஒரு நிமிடத்துக்குள் முழுமையாகி நிற்கிறது. அழிப்பானை எடுத்த தருணமும், கசக்கி எறிந்த தாள்களும் அந்த வீடியோவில் வருவதில்லை. விடை வீடியோவும் இதே காரியத்தைத்தான் செய்கிறது: கணக்கில் மாட்டிக்கொண்டு தவிக்கிற நடுப்பகுதியை வெட்டி எடுத்துவிடுகிறது. 'முடியும்' என்ற அனுபவம் உருவாவதோ அந்த நடுப்பகுதியில்தான். தவிப்பு மெல்ல அடங்கி வழி தென்படுவதைத் தானே உணர்ந்திராத பிள்ளைக்கு, தவிப்பு தொடங்கினாலே தனக்குத் திறமை இல்லை என்று தோன்றிவிடும்.

அந்த நடுப்பகுதியை அவளுக்குத் திருப்பிக் கொடுப்பதே இப்போது உங்கள் வேலை. வரையச் சொல்லி வற்புறுத்துவதைச் சிறிது காலம் நிறுத்துங்கள். ஒரு மாலை, அவள் கண்ணில் படும்படி நீங்களே ஒரு தாளை எடுத்துக் குதிரையின் பின்னங்காலை வரைய முயலுங்கள். நடிக்க வேண்டாம், கண்டுபிடித்துவிடுவாள், நிஜமாகவே முயலுங்கள். நிச்சயம் நன்றாக வராது. "இந்த மூட்டு எந்தப் பக்கம் மடிகிறது என்றே தெரியவில்லையே" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு, ஒரு குதிரையின் படத்தைப் பார்த்துத் திருத்துங்கள். கோணலாக வந்த தாளைக் கிழிக்காமல் மேசையிலேயே விட்டுவையுங்கள். பாண்டுரா சொன்ன இரண்டாவது ஊற்று இதுதான். எடுத்த எடுப்பிலேயே நேர்த்தியாகச் செய்து காட்டுபவரைவிட, தடுமாறித் திருத்திக்கொள்பவரைப் பார்ப்பதே தன்மீது சந்தேகம் கொண்ட பிள்ளைக்கு அதிகம் உதவுகிறது. அவள் அன்றே வந்து உட்காரலாம், ஒரு வாரம் கழித்தும் வரலாம், திரும்பிக்கூடப் பார்க்காமல் போகலாம். எதற்கும் கருத்துச் சொல்லாதீர்கள்.

அவள் மீண்டும் பென்சிலை எடுத்த பிறகு, யாரிடம் காட்டுவது என்பதைப் படிகளாகப் பிரித்துக்கொள்ளலாம். யாருக்கும் காட்டாமல் வரைவது, உங்களுக்குக் காட்டுவது, நெருங்கிய தோழி ஒருத்திக்குக் காட்டுவது, வகுப்பறைச் சுவரில் ஒட்டுவது என்று போகும் அந்தப் படிகளை அவளே எழுதட்டும். ஒவ்வொன்றும் எவ்வளவு பயமாக இருக்கிறது என்று பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண்ணையும் அவளே போடட்டும். ஒரு படியில் பயம் தானாகக் குறைந்த பிறகே அடுத்தது. இணையத்தில் மீண்டும் போடுவது அந்தப் பட்டியலில் இருந்தாக வேண்டும் என்பதில்லை. வரைவதற்கும் வெளியிடுவதற்கும் இடையே இருக்கிற கதவு தன் கையில் இருக்கிறது என்பதை அவள் அறிவதே பெரிது.

கணக்குக்கு வேறு வழி. வீடியோவைத் தடை செய்ய வேண்டாம், தள்ளிப்போடுங்கள். பத்து நிமிடம் தானே முயல்வது, அதன்பின் எந்த வரியில் நின்றுபோனோம் என்பதைத் தாளில் எழுதுவது, பிறகு அந்த இடத்துக்கு மட்டும் வீடியோவைப் பார்த்து நிறுத்திவிட்டு மீதியைத் தானே போடுவது என்று அவளோடு பேசி வைத்துக்கொள்ளுங்கள். "எனக்கு வராதும்மா" என்று எழுந்தால், "வரும், போடு" என்று சொல்லாமல், "எது வரைக்கும் வருகிறது?" என்று கேளுங்கள். பெரும்பாலும் மூன்று வரி வரை வந்திருக்கும். அந்த மூன்று வரியை அவள் கண்ணால் பார்க்க வைப்பதே அந்தக் கேள்வியின் வேலை. முதல் சில நாட்கள் அழுகையும் கோபமும் கூடும். பழைய நிம்மதி கிடைக்காதபோது பிள்ளைகள் அப்படித்தான் முரண்டு பிடிப்பார்கள். அதைக் கண்டு பின்வாங்கிவிடாதீர்கள்.

ஆசிரியையிடம் ஓர் உதவி கேளுங்கள். அவளைத் திடீரென்று எழுப்பிக் கேள்வி கேட்க வேண்டாம் என்றும், நாளைக்கு இந்தக் கேள்வியை உன்னிடம் கேட்பேன் என்று முதல் நாளே சொல்லிவிடும்படியும் கேட்டுக்கொள்ளுங்கள். சில வாரங்களில் அந்த முன்னறிவிப்பைக் குறைத்துவிடலாம். இந்த ஏற்பாடு மகளுக்கும் தெரிந்தே நடக்கட்டும்.

அந்தக் குழுவைப் பொறுத்தவரை, ஒருமுறை நடந்த கேலியையும் தொடர் கொடுமையையும் வேறுபடுத்திப் பார்க்க வேண்டும். பள்ளிப் பிள்ளைகளிடையேயான கொடுமைப்படுத்தலை ஆராய்ந்த முன்னோடியும் நார்வேயில் பணியாற்றியவருமான டான் ஓல்வியஸ், வேண்டுமென்றே துன்புறுத்துவது, திரும்பத் திரும்ப நடப்பது, பாதிக்கப்படுபவர் எதிர்த்து நிற்க முடியாத வலிமை வேறுபாடு இருப்பது ஆகிய மூன்றையும் கொடுமைப்படுத்தலின் அடையாளங்களாக வரையறுத்தார். நீங்கள் எழுதியது அந்த எல்லையைத் தொட்டு நின்றுபோனது. மீண்டும் தலையெடுத்தால், எதையும் அழிக்குமுன் திரையைப் படமெடுத்து வையுங்கள். பிறகு என்ன செய்யலாம் என்று முதலில் அவளிடம் கேளுங்கள். குழுவிலிருந்து விலகலாம், அறிவிப்பை மௌனமாக்கலாம், அந்த மாணவனிடம் நேரில் "அதை நிறுத்து, எனக்குப் பிடிக்கவில்லை" என்று சொல்லலாம். அந்த ஒரு வாக்கியத்தை வீட்டில் உங்களோடு சொல்லிப் பழகிக்கொள்ளட்டும். மிரட்டல், ஆபாசம், பணம் கேட்பது போன்ற எதுவும் இருந்தால் இந்த நிதானம் பொருந்தாது. அதே நாளில் நீங்களும் பள்ளியும் தலையிட வேண்டும்.

இப்போது உங்கள் கணவருக்கு. ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் தரலாம் என்பதுதான் எல்லாப் பெற்றோரும் கேட்கும் கேள்வி. உலக சுகாதார நிறுவனம் 2019-இல், இரண்டு முதல் நான்கு வயது வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று வரம்பு சொன்னது. 2020-இல் 5 முதல் 17 வயது வரையுள்ளோருக்கு வழிகாட்டுதல் தந்தபோது, பொழுதுபோக்குத் திரை நேரத்தைக் குறைக்கச் சொன்னதே தவிர எண் எதையும் தரவில்லை. ஆகவே எண்ணைவிட, கைபேசி எதன் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது என்று பாருங்கள். முதலில் பார்க்க வேண்டியது தூக்கம்: 6 முதல் 12 வயது வரை 9 முதல் 12 மணி நேரமும், 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரமும் தேவை. இரவில் எந்தக் கைபேசியும் படுக்கையறைக்குள் போகக் கூடாது என்ற விதி ஒன்றை மட்டுமாவது உறுதியாக வையுங்கள். உங்கள் இருவருடைய கைபேசிகளும் அதில் அடக்கம். குட்டி வீடியோக்கள் முடிவே இல்லாமல் அடுத்தடுத்து வரும்படி அமைக்கப்பட்டவை என்பதால், எங்கே நிறுத்துவது என்பதைத் தொடங்குமுன்பே பேசி முடிவு செய்யுங்கள். பாதியில் கையிலிருந்து பிடுங்குவது சண்டையைத்தான் வளர்க்கும்.

இரண்டு வாரங்களுக்கு மேலாக எதிலும் நாட்டமின்றி இருப்பது, தூக்கமோ பசியோ வெகுவாக மாறுவது, பள்ளிக்குப் போகவே மறுப்பது ஆகியவற்றில் எது தென்பட்டாலும், ஒரு குழந்தை மனநல மருத்துவரையோ உளவியலாளரையோ நேரில் பாருங்கள். தன்னைக் காயப்படுத்திக்கொள்வது அல்லது சாவது பற்றி ஒரு சொல் வந்தாலும் அன்றே பாருங்கள்.

கடைசியாக, 13 வயதில் கைபேசி என்ற வாக்கு. 13 என்ற எண் குழந்தை வளர்ச்சியைப் பற்றிய ஆராய்ச்சியிலிருந்து வந்ததல்ல. 13 வயதுக்கு உட்பட்டவர்களின் விவரங்களைப் பெற்றோர் அனுமதியின்றி நிறுவனங்கள் திரட்டக் கூடாது என்று அமெரிக்கா 1998-இல் இயற்றிய சட்டத்திலிருந்து வந்து, சமூக ஊடகங்களின் விதியாக உலகெங்கும் பரவியது. ஆஸ்திரேலியா அதை 16 ஆக உயர்த்தி, 2025 டிசம்பர் 10 முதல் நடைமுறைப்படுத்தியிருக்கிறது. எனவே அந்தப் பிறந்தநாளைத் தகுதியாகக் கொள்ளாதீர்கள். அதற்காக வாக்கைச் சத்தமில்லாமல் மீறவும் வேண்டாம். இப்போதே அவளை உட்காரவைத்து, நிறுத்தச் சொன்ன இடத்தில் நிறுத்த முடிகிறதா, இரவில் வெளியே வைத்துவிட்டுத் தூங்க முடிகிறதா, மனத்தைக் கலக்கும் எதையாவது பார்த்தால் உங்களிடம் கொண்டுவருவாளா என்ற மூன்றையும் வைத்துத்தான் முடிவு செய்யப்போகிறோம் என்று சொல்லிவிடுங்கள். மூன்றாவதில் அவள் ஏற்கெனவே தேறிவிட்டாள் என்பதையும் அப்போதே சொல்லுங்கள். மற்ற இரண்டும் வராவிட்டால், அழைப்பும் குறுஞ்செய்தியும் மட்டும் உள்ள சாதாரணக் கைபேசி ஒன்றை முதலில் கொடுத்து, ஸ்மார்ட்போனை ஆறு மாதம் கழித்துப் பேசிக்கொள்ளலாம்.